கீழே கடை, மேலே வீடு!

நகரின் நடுவே ஏழைக்கு இடமேது என்று கேட்கும் மேதாவிகள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்! மாளிகைக்கு இடமிருக்கிறது, வணிக வளாகத்துக்கு இடமிருக்கிறது. அந்த மாளிகையின் தரையைத் துடைக்கும் தாய்க்கு மட்டும் கண்ணகி நகரும் பெரும்பாக்கமுமா?

1970இல், கலைஞர் முதல்வராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் கண்டோம். குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடு எழுந்தது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றது. முதுமையடைந்த அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதியவை எழுப்பப்படுகின்றன. நன்று! ஆனால் கீழ்த்தளம் யாருக்கு? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

தூண்களை நிறுத்தி, வண்டி நிறுத்தும் கொட்டகையாக்கி விடாதீர்கள். அங்கே குடியிருப்போரில் எத்தனை பேருக்குக் கார் இருக்கிறது? இட்லிக் கடை வைப்பவர், இஸ்திரி போடுபவர், தையற்காரர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர் – இவர்களுக்குத் தெருவோரத் தரைதான் பிழைப்பு. எட்டாவது மாடியில் ஏற்றிவிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு யார் துணி கொண்டு வருவார்?

கீழே கடை, மேலே வீடு என்பது அயல்நாட்டு அதிசயமல்ல. தங்கசாலைத் தெருவில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். மாடிக்குச் சென்றவர்கள் அதை மறந்தார்கள். கடல் கடந்தவர்கள் மறக்கவில்லை. சிங்கப்பூரில் 1966இல் பீப்பிள்ஸ் பார்க் அங்காடி எரிந்து சாம்பலாயிற்று. அதே இடத்தில் 1973இல் 31 மாடிக் கட்டடம் நிமிர்ந்து நின்றது. கீழே கடைகள், மேலே வீடுகள்! ஊருக்கு வெளியே அல்ல, ஊரின் நெஞ்சுக்குள்ளே!

கட்டினால் போதாது, கருத்தோடு கட்ட வேண்டும். கடைக்கு வரும் கூட்டம் வேறு வாசலில் வரட்டும். வீட்டுப் படிக்கட்டு வீட்டாருக்கே இருக்கட்டும். சரக்கு வண்டிக்குப் பின்புறம் வழி வேண்டும். சமையற்புகை மேல் வீட்டுச் சன்னலில் நுழையாமல் கூரைவரை குழாய் வேண்டும். பெயிண்ட், பட்டாசுக் கிடங்குகளுக்குக் குழந்தைகள் உறங்கும் வீட்டின் அடியில் இடமே கூடாது. தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு – அதில் மூட்டை அடுக்கவும் விடக்கூடாது.

கடை வாடகையில் ஒரு பங்கு லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போகட்டும். லிப்டு நின்றுபோன மாடியில் குடத்தோடு ஏறும் கிழவியைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும்.

கடைகளை ஏலம் விடுவது மட்டும் வேண்டாம். ஏலம் என்றதும் பணப்பை வரும், இட்லிக்காரம்மா போய்விடுவார். அங்கே வாழ்வோருக்கே முதலிடம் என்று இடிப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுக்கட்டும் வாரியம்.