லேசர் இருக்கட்டும், முதல்ல ரோச்சை அடியுங்கோ

"கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வெறும் வெளிச்சத்தாலயே புற்றுநோயை அழிக்கலாம்." கனடாவில இருந்து சித்தப்பா குடும்ப வட்ஸ்அப் குழுவில போட்ட வீடியோ இப்படித்தான் தொடங்கினது. நெடுந்தீவில இருக்கிற பெரியப்பாவும் பார்த்தார். அவருக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. நாற்பது வருசமாய் வெத்திலை, புகையிலை அடக்கி வைக்கிற அதே இடம். "அந்த லைற் வைத்தியம் இஞ்ச வரட்டும், வெட்டுக்கொத்து வேண்டாம்" என்று சொல்லி மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

பிரச்சினை என்னவென்றால், வீடியோ சொன்னது பொய்யில்லை. போட்டோடைனமிக் தெரபி என்று ஒரு சிகிச்சை உண்மையாகவே இருக்கிறது. ஒளிபட்டால் வேலைசெய்யும் ஒரு மருந்தை உடம்புக்குள் ஏற்றுவார்கள், அல்லது தோலில் பூசுவார்கள். பிறகு கட்டியின்மேல் குறிப்பிட்ட நிறத்து ஒளியைப் பாய்ச்சுவார்கள். மருந்தும் ஒளியும் அங்குள்ள ஒட்சிசனும் சேர்ந்து அந்தக் கலங்களைக் கொல்லும். 1993இல் கனடா இதைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதித்தது. வெட்டி எடுக்கமுடியாத தலை, கழுத்துப் புற்றுகளுக்கு இதற்கு நெருங்கிய ஒரு முறையை 2020இல் யப்பான் அனுமதித்தது.

வீடியோ சொல்லாமல் விட்டது வேறு. இந்தச் சிவப்பு ஒளி சதைக்குள் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் போகும். ஆழமாய் ஊன்றிய கட்டிக்கும், உடம்பு முழுக்கப் பரவிய நோய்க்கும் இது சரிவராது. ஊசியில் ஏற்றும் பழைய மருந்தென்றால் குறைந்தது ஒரு மாதம் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துபோகும். குறிகட்டுவானில இருந்து ஒரு மணித்தியாலம் கடல்வெயிலில் படகேறி வீடுபோய், அடுத்தநாள் வலை இழுக்கிற மனுசனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?

ஆக, அந்தச் சிகிச்சை வந்தாலும் நோயை நேரத்தோடு கண்டுபிடித்தவருக்குத்தான் கூடுதலாய் உதவும். நாங்கள் கோட்டை விடுகிறது அங்கேதான்.

இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை போடாத வெறும் வெத்திலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. ஆனால் இது ஒளிந்திருக்கிற நோயில்லை. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முழுசாய்த் திறக்கேலாமை. இதைப் பார்க்க லேசர் தேவையில்லை. ஒரு ரோச் லைற்றும் ஐந்து நிமிசமும் போதும்.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாய்ப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பாவிப்பவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005இல் வெளிவந்த முடிவு அது. இலங்கையிலும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களால் இதைச் செய்யமுடியும் என்று 1984இலேயே ஆய்வு வந்துவிட்டது.

2011இல் தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். பெரிய காரியம். ஆனால் நெடுந்தீவு ஆளுக்கு அது ஒரு படகு, இரண்டு பஸ், ஒருநாள் கூலி. வலியில்லாத ஒரு திட்டுக்காக ஆர் போவினம்?

அதனால் கேட்கவேண்டியதைக் கேட்போம். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எல்லா இடமும் மாதமொருக்கால் வாய்ப் பரிசோதனை வரவேணும். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையில் சனம் வரிசையில் காத்து நிற்குதே, அந்த இடத்தில ஒரு மேசை போட்டாலே எத்தனை வாயைப் பார்க்கலாம்! வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களே, மண்டபத்துக்கு இன்னொரு வளைவு கட்டுற காசில இதைச் செய்யேலாதா?

பெரியப்பாவை ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போனோம். இன்னும் புற்றாகவில்லை என்றார்கள். வெத்திலையை விட்டுவிட்டார். அவர் தப்பினது அதிர்ஷ்டம், எங்கட கெட்டித்தனம் இல்லை.

அடுத்த வீடியோவை அனுப்ப முதல், போனில இருக்கிற லைற்றைப் போடுங்கோ. வீட்டில வெத்திலை போடுறவை, சுருட்டுப் பத்துறவை இருந்தால் "வாயை ஒருக்கா ஆவெண்டுங்கோ" என்று கேளுங்கோ. ஏதும் கண்டால் அடுத்த படகிலேயே கூட்டிக்கொண்டு போங்கோ.