மெழுகும் ஆசிட்டும்



மார்கழி பிறந்துவிட்டால் வீட்டைக் கழுவித் துடைக்கும் பேச்சும் தொடங்கிவிடும். பரணை ஒழிப்போம், சுவருக்கு வெள்ளையடிப்போம். தரையின் முறை கடைசியில்தான் வரும். அதற்குள் போகி நெருங்கிவிட, யாராவது ஒருவர் ஆசிட் பாட்டிலை எடுத்து வருவார். இந்த மாதம் அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன்.

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் கடப்பா கல் பாவியிருந்தது. கோடை மத்தியானத்தில் பாய்கூட இல்லாமல் அதில் படுத்துக் கிடப்போம். பளபளப்பு போதாது என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதன்மேல் மெழுகு பாலிஷ் ஏற்றினோம். நடக்கும் வழியில் அது தேய்ந்தது. சுவரோரத்தில் தேயாமல் தூசியைப் பிடித்துக்கொண்டு, பழுப்புத் திட்டாக நின்றது. சுத்தம் செய்ய வந்தவர் ஆசிட்டை ஊற்றியதும் நுரை பொங்கியது. அழுக்கு கரைகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். கரைந்தது கல்!

கடப்பா, கோட்டா, மார்பிள் மூன்றிலும் கால்சியம் கார்பனேட்தான் முக்கியச் சரக்கு. அமிலம் பட்டால் அது கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழியாகக் கிளம்பும். மெழுகோ எண்ணெய்ச் சாதி. அமிலம் அதைத் தொடாது. அதனால் எங்கள் கூடத்தில் மெழுகுத் திட்டுகள் அப்படியே இருக்க, வெறும் கல் மட்டும் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. பிறகு மெஷின் வைத்துத் தேய்த்துத்தான் அதை மீட்க முடிந்தது. கிரானைட் அமிலத்தை ஓரளவு தாங்கும். ஆனால் அதன்மேல் உள்ள மெழுகையும் ஆசிட் எடுக்காது.

மெழுகுதல் நமக்குப் புதிதல்ல. சாணமிட்டு மெழுகிய மண் தரை காலடியில் தேய்ந்துபோகும், மறுபடி மெழுகுவோம். அதே வழக்கத்தில் கல்லுக்கும் செய்தோம். கல்லின் மேல் ஏறிய மெழுகோ தேய்ந்து தீர்வதற்குள் அடுத்த பூச்சு ஏறி, அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டது.

எடுக்கும் வழி எளிதுதான், பொறுமை வேண்டும். முதலில் மேலே இருப்பது என்னவென்று பாருங்கள். கண்ணில் படாத மூலையில் நாணயத்தின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால், மெழுகு சோப்புச் சீவல் போல மிருதுவாக வரும். அக்ரிலிக் பூச்சு வெங்காயச் சருகு போல உரியும். மெழுகாக இருந்தால் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைத்தால் இளகி வரும். அடுப்பும் ஊதுவத்தியும் எரியக் கூடாது, ஜன்னலெல்லாம் திறந்திருக்கட்டும். அக்ரிலிக்குக் காரத்தன்மையுள்ள பூச்சு நீக்கி வேண்டும். கல்லுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து கல் அளவுக்கு மட்டும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, குழம்பிய கூழை உடனே வழித்தெடுத்துவிட வேண்டும். காயவிட்டால் எல்லாம் மறுபடி கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். உதிரும் துகள் துருப்பிடித்துக் கறையாகும். எபாக்சி, பாலியூரித்தேன் பூசிய தரையை மட்டும் கல் பாலிஷ்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கல்லுக்குள்ளேயே ஊறிய எண்ணெய்க் கறை தேய்த்தால் போகாது. அதற்குப் பற்றுப் போட வேண்டும். மஞ்சளித்துப்போன தாஜ்மகால் மார்பிளுக்கு 1994 முதல் தொல்லியல் துறை செய்துவருவதும் இதுதான். மூல்தானி மட்டியைப் பூசி, காயவிட்டு, கழுவி எடுக்கிறார்கள். முகத்துக்குப் பூச நாட்டுமருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே மண்தான். வீட்டில் டர்பன்டைன் விட்டுப் பிசைந்து, கறைமேல் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுக் காயவிட்டால் எண்ணெய் மண்ணுக்கு ஏறிவிடும். பழைய கறைக்கு இரண்டு மூன்று பற்று தேவைப்படும்.

எல்லாம் முடிந்ததும் கல் மங்கலாகத் தெரியும். பயந்துபோய் உடனே அடுத்த பூச்சு பூசிவிடாதீர்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேறச் சில நாட்கள் ஆகும். அதற்குள் மூடினால் பூச்சு வெளுத்து உரியும். பளபளப்பு வேண்டுமென்றால் கல்லையே தேய்த்து வரவழைப்பதுதான் நிற்கும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அன்று வெறுங்கையோடு, வெறுங்காலோடு அந்த ஆசிட் புகைக்குள் உட்கார்ந்து தேய்த்தார். நாங்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இந்தப் பொங்கலுக்கு உங்கள் வீட்டுத் தரையைத் தேய்க்க யார் வந்தாலும், ஆசிட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்