சினிமாக் காதலும் ஜாதிக் கட்டும்

1990 முதல் 1999 வரையிலான பத்தாண்டுகளில் வெளிவந்த தமிழ்க் காதல் படங்கள் இன்றைக்கும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு வருகின்றன. அன்று அவற்றைக் கொட்டகையில் கண்டு கண்ணீர் விட்ட வாலிபர்கள் இன்று பிள்ளை குட்டிகளைப் பெற்றுக் குடும்பத் தலைவர்களாகிவிட்டார்கள். “அந்தக் காலத்துக் காதல் எவ்வளவு புனிதமானது!” என்று அவர்கள் பெருமூச்சு விடுவதையும் கேட்கிறோம். ஆனால், அதே மனிதரின் மகள் ஒரு நாள் வந்து, “அப்பா, நான் ஒருவரை விரும்புகிறேன்” என்று சொல்லிவிட்டாலோ, அவர் வாயில் முதலில் வருகிற கேள்வி, “பையன் என்ன ஜாதி?” என்பதாகத்தானே இருக்கிறது! கொட்டகையில் காதலுக்காக அழுத கண், வீட்டில் காதலைக் கண்டதும் சிவப்பானேன்? இதைத்தான் இவ்வாரம் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

சுயமரியாதைக்காரர்களுக்குச் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். முன்னே புராணப் பிரசங்கியும் கதா காலட்சேபக்காரரும் ஜனங்களின் தலையில் ஏற்றிவந்த எண்ணங்களை இப்போது சினிமா ஏற்றி வருகிறது. வாசகசாலை இல்லாத ஊர் உண்டு. சினிமாப் படம் போய்ச் சேராத ஊர் இல்லை. ஆகவே, அதில் சொல்லப்படுவது என்ன, சொல்லாமல் மறைக்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டியது பகுத்தறிவுள்ளவர்களின் கடமையேயாகும்.

முதலாவதாக, இந்தப் ‘புனிதக் காதல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பெரியார் அவர்கள் “பெண் ஏன் அடிமையானாள்?” என்னும் நூலில் காதலுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். காதலைத் தெய்வீகமென்றும், மனித அறிவுக்கு எட்டாததென்றும் சொல்லப்படுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கண்டு, பழகி, குணம் அறிந்து, சேர்ந்து வாழ விரும்புவது மனித சுபாவம். அதில் தேவலோகத்துக்கு என்ன சம்பந்தம்? ஆனால், நாம் சொல்லும் பத்தாண்டுகளின் படங்களில் பலவற்றில் காதல் என்பது ஒரு புது மதமாகவே ஆக்கப்பட்டுவிட்டது. மதத்தைப் போலவே அதற்கும் விரதம் உண்டு, தவம் உண்டு, நரபலியும் உண்டு.

1991-இல் வந்த ‘இதய’த்தில் கதாநாயகன் தன் விருப்பத்தைப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டாமலே காலத்தைக் கழிக்கிறான். கடைசியில் சொல்ல வேளை வரும்போது இருதய நோய் குறுக்கே நிற்கிறது. 1998-இல் வந்த ‘சொல்லாமலே’யில், ஊமையாக நடித்துப் பெண்ணின் அன்பைப் பெற்றவன், முடிவில் தன் நாக்கையே அறுத்துக்கொள்கிறான். பொய் சொன்னவன் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் தீரக்கூடிய ஒரு காரியத்துக்கு நாக்கு ஏன் போக வேண்டும்? அலகு குத்திக்கொள்ளும் பக்தனைப் பார்த்துப் பரிதாபப்படுகிற நாம், இதை மட்டும் பார்த்துக் கைதட்டலாமா? ஒரு பெண்ணிடம், “உன்னை விரும்புகிறேன், உனக்குச் சம்மதமா?” என்று மரியாதையாகக் கேட்டு, அவள் இல்லை என்றால் அதை ஏற்றுக்கொண்டு போகிற யோக்கியமான பழக்கத்தை வாலிபர்களுக்குக் கற்பிக்க வேண்டிய இடத்தில், வாயடைத்து நின்று ஏங்குவதும், உடம்பை வதைத்துக்கொள்வதுமே காதலின் லட்சணமென்று கற்பிக்கப்பட்டது.

எல்லாப் படங்களும் அப்படியே என்று நாம் சொல்ல வரவில்லை. 1996-இல் அகத்தியன் எடுத்த ‘காதல் கோட்டை’யில், இரயிலில் தொலைந்துபோன ஒரு பெண்ணின் படிப்புச் சான்றிதழ்களை ஒருவன் கண்டெடுத்து அனுப்பி வைக்கிறான். அதிலிருந்து கடிதம் தொடங்கி, முகம் பாராமலே இருவருக்கும் அன்பு உண்டாகிறது. இந்தப் படத்துக்காக அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநர் என்னும் தேசிய விருதும் கிடைத்தது. இப்படத்தில் நமக்குப் பிடித்தது முகம் பாராத அதிசயமல்ல. ஜாதகம், ஜோசியம், தரகன், சீர்வரிசை ஆகிய ஒன்றும் இல்லாமல் இரண்டு பேர் எழுத்தின் மூலம் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள் என்பதும், அந்தப் பெண் தனக்கென்று ஒரு வேலை தேடிக்கொள்ள நினைப்பவளாய் இருக்கிறாள் என்பதுமேயாகும்.

அதேபோல், 1995-இல் மணிரத்னம் எடுத்த ‘பம்பா’யில் இந்து வாலிபனும் முஸ்லிம் பெண்ணும் இரு வீட்டார் எதிர்ப்பையும் மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். 1992-93-இல் நடந்த மதக் கலவரம் அவர்களுடைய வாழ்க்கையைத் தாக்குகிறது. மதம் மாறாமல், புரோகிதனும் முல்லாவும் இல்லாமல், கையெழுத்துப் போட்டு மனிதர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதைப் பட்டிக்காட்டு ஜனங்களும் கண்ணால் பார்த்தார்கள். அந்த வரையில் அது லாபமே.

நிற்க. 1997-இல் பெரும் புகழ் பெற்ற ‘காதலுக்கு மரியாதை’யைப் பார்ப்போம். இது அதே ஆண்டில் வந்த ‘அனியத்திப்பிராவு’ என்னும் மலையாளப் படத்தைத் தழுவியது. இரண்டையும் எடுத்தவர் பாசில். இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலித்து வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். பிறகு, குடும்பத்தாரின் மனம் நோகக் கூடாதென்று பிரிந்து அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். கடைசியில் தாய்மார்கள் மனமிரங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஏன் அழுதார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பணிந்தார்கள் என்பதற்காகவே பெற்றோர்களுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்தது. அதாவது, வயது வந்த இருவரின் உரிமை, பெரியவர்கள் பார்த்துப் போடுகிற பிச்சையாக ஆக்கப்பட்டது. சினிமாத் தாய் இரண்டரை மணி நேரத்தில் இரங்கிவிட்டாள். ஊரில் உள்ள தாய் இரங்காவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? இதற்குப் படம் பதில் சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இப்படங்களில் காதலுக்குத் தடையாக மதம் வரும், பணம் வரும், பழைய குடும்பப் பகை வரும், நோய் வரும். ஆனால், நம் நாட்டுக் கல்யாணத்தில் முதல் தடையாய் நிற்கிற ஜாதி மட்டும் பெரும்பாலும் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கதாநாயகன் என்ன ஜாதி என்று நமக்குத் தெரியாமலே படம் முடிந்துவிடும். ஜாதியைச் சொல்லாமல் விட்டால் ஜாதி ஒழிந்துவிடுமா? நோயின் பேரைச் சொல்லாத வைத்தியன் நோயாளியைக் காப்பாற்றினான் என்று எங்கேயாவது உண்டா?

துணிந்து ஜாதியைச் சொன்ன படங்களின் முடிவையும் பாருங்கள். 1997-இல் சேரன் எடுத்த ‘பாரதி கண்ணம்மா’வில் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபனை மேல்ஜாதி நிலக்காரரின் மகள் விரும்புகிறாள். ஜாதிக் கொடுமையை வெளிப்படையாய் எடுத்துச் சொன்னதற்காக அப்படத்தைப் பாராட்டுகிறோம். ஆனால், முடிவில் அவள் உயிரை விடுகிறாள். அவன் அவளுடைய சிதையிலேயே விழுந்து மாய்கிறான். செத்த பிறகு ஜாதிக்காரன் அழுது என்ன பயன்? உடன்கட்டையை ஒழித்து இருநூறு ஆண்டு ஆகப்போகிற நாட்டில், உடன்கட்டையைக் காதலின் உச்சமாகக் காட்டலாமா? உயிரோடு இருந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்திருந்தால், அதுவல்லவோ ஜாதிக்கு விழுந்த அடி!

இதில் ஒரு பின்னடைவும் இருக்கிறது. 1949-இல் வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யிலேயே ஜமீன்தார் மகன் வேலைக்காரப் பெண்ணை விரும்புகிறான். 1981-இல் பாரதிராஜா எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’யில் பார்ப்பனப் பையன் பூணூலை அறுத்தெறிகிறான், கிறிஸ்தவப் பெண் சிலுவையைக் கழற்றுகிறாள். இவ்வளவு தூரம் வந்த சினிமா, பின்னால் வந்த பத்தாண்டில் பெற்றோர் காலடியில் போய் விழுந்தது என்றால் அதை முன்னேற்றம் என்பதா?

இதனால் நமக்கென்ன நஷ்டம் என்று அலட்சியமாய் இருந்துவிட முடியாது. 2016 மார்ச் மாதத்தில் உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு வாலிபர் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவிக்கும் வெட்டு விழுந்தது. அது ஒன்றே அல்ல. முன்னும் பின்னும் இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கொலைகளுக்கு ‘மானக்கொலை’, ‘கௌரவக்கொலை’ என்று பேர் வேறு வைத்தார்கள். பெற்ற பெண்ணின் தாலியை அறுப்பதில் என்ன மானம்? கூலிக்கு ஆள் பிடித்துப் பிள்ளையை வெட்டுவதில் என்ன கௌரவம்? அது ஜாதிக்கொலை, அவ்வளவுதான்.

சினிமா காட்டாத சில விஷயங்களை வாலிபர்களும் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, 1967-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும். புரோகிதன் வேண்டாம், அக்கினி வேண்டாம். உற்றார், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும். இது இந்துக்கள் என்று சட்டம் கருதுகிறவர்களுக்கு உரியது. மதம் வேறானால் 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி வைப்பதால் வீட்டாருக்குச் சேதி எட்டிவிடக்கூடும். ஆகவே, முன்கூட்டியே நம்பிக்கையான துணையையும் இடத்தையும் தேடிக்கொள்வது புத்திசாலித்தனம். வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்யும் கல்யாணத்தைத் தடுக்க ஜாதிக் கூட்டம் கூடுவது சட்ட விரோதமென்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, இப்படிப்பட்டவர்களுக்குப் போலீஸ் பாதுகாப்பும் தங்க இடமும் செய்துதர வேண்டுமென்றும் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டல் வந்தால் இதைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

எனவே தோழர்களே! பழைய படங்களைப் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தாராளமாய்ப் பாருங்கள், குடும்பத்தோடு பாருங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் மகளை அருகில் உட்கார வைத்து, “நீ யாரை விரும்பினாலும் பயப்படாமல் முதலில் என்னிடம் சொல்லலாம், ஜாதியைப் பற்றி இந்த வீட்டில் கேள்வி வராது” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் துணிவு வராதவர்கள், கொட்டகையில் விட்ட கண்ணீருக்காவது வெட்கப்படட்டும்.