இல்லை என்பதற்கு ஈருரையா?

உள்ளதை உளதென்றும் இல்லதை இலதென்றும் கூறுவதே சொல்லின் கடன். யூனிட்டி என்னும் விளையாட்டுப் பொறியிலோ இன்மைக்கே இருவேறு விடை!

அப்பொறியின் பொருள்களுக்கு ஈருடல். சி பிளஸ் பிளஸ் மொழியில் உள்ளுடல். சி ஷார்ப் மொழியில் புறக்கூடு. பொருளை அழித்தால் உள்ளுடல் மாயும். கூடோ நினைவகத்தில் எஞ்சும். இரட்டைச் சமக்குறியால் வினவின் 'நல்', அஃதாவது இன்மை, என்று விடை வரும். வினாக்குறியும் புள்ளியும் இணைந்த குறியோ வெற்றுக்கூட்டை உயிருள்ளதாகவே கொண்டு இடறி விழும். இவ்வழக்கத்தை விடலாமா என 2014-இல் அந்நிறுவனமே பொதுவில் வினவிற்று, விட்டதா? இல்லை!

இதன்மேல் 'சிங்கிள்டன்' என்னும் ஒற்றைப்பொருள் வேறு! எங்கிருந்தும் எட்டும்படி நிலைமாறியில் குந்தியிருக்கும் அது, நிரலின் சிறு கூற்றைத் தனியே ஆயும் அலகுத்தேர்வு முடிந்தபின்னும் நீங்குவதில்லை. அடுத்த தேர்விலும் எச்சமாய் நுழைகின்றது. தனியே ஓட்டின் வெல்லும் தேர்வு, வரிசையில் ஓட்டின் தோற்கின்றது. இதுவோ தேர்வு?

இதற்குப் பலர் காணும் மருந்து யாது? அடிக்கொருமுறை 'இல்லையேல் வாளா திரும்புக' என்றெழுதுவதே! பிழை தீர்ந்திலது, அதன் வாய்தான் பூட்டப்பட்டது. ஆட்டத்தில் மதிப்பெண் ஏறாது. தேர்வோ பச்சை காட்டும். 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் இன்மைச்சுட்டைப் புகுத்திய டோனி ஹோர், அது நூறு கோடி டாலர்ப் பிழையென 2009-இல் தாமே ஒப்பினார். புகுத்தியவரே உணர்ந்ததைப் புழங்குவோர் உணரலாகாதா?

வேண்டும் பொருளை வெளியிலிருந்து கையளிக்க! ஒவ்வொரு தேர்வுக்கும் புதிதாய்ப் படைக்க. முடிந்ததும் அழித்து, நிலைமாறியையும் வெறுமையாக்குக! இருந்தே தீரவேண்டிய பொருள் இல்லையெனின் நிரல் உரக்கக் கூவி நிற்கட்டும்! இன்று மறைத்த பிழை நாளை ஆடுவோர் கையில் வெடிக்கும்.