முப்பது பவுண்டுக் குரல்

பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதைச் சொன்னால் ஆண் நண்பர்கள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், இரவில் கேளுங்கள் என்கிறார்கள். கேட்டுவிட்டேன். கடிகாரங்கள் அலறுகின்றன, கல்லாப்பெட்டி கிணுகிணுக்கிறது. காலம், பணம், பைத்தியம், மரணம் எனப் பெரிய தலைப்புகள். ஒலிப்பதிவு நேர்த்திதான். ஆனால் அது சாய்ந்து உட்கார்ந்தவனின் துயரம்.

ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்தேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு பெண் சொல்லே இல்லாமல் கதறுகிறார், தணிகிறார். அவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில், எழுதிவைத்த மெட்டு இல்லாமல் அங்கேயே தானாக உருவாக்கிப் பாடினார். கூலி 30 பவுண்டு. பாடியவர் என்று உறையில் அவர் பெயர் உண்டு. இயற்றியவர் என்று ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டுமே.

ரெகார்டைத் திருப்பிப் போடுங்கள். அடுத்து வருவது பணத்தாசையை நையாண்டி செய்யும் பாட்டு!

1988 வரை பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது இந்த ஆல்பம். டோரி 2004இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசம் ஆனபின்தான் இணை இசையமைப்பாளர் ஆனார்.

ஆண் அந்தக் கணத்தில் உருவாக்கி வாசித்தால் மேதைமை என்கிறோம். பெண் பாடினால் உணர்ச்சிவேகம் என்கிறோம். உணர்ச்சிக்குக் கூலி போதும், உரிமை வேண்டாம்.

எனக்கு ஆல்பம் புரியவில்லை என்று இனிச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அந்தக் குரல் நன்றாகவே புரிந்தது. மீதியைத்தான் நீங்கள் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள்.