பேக்கேஜில் ‘ஓ3’ போட்டால் வேகம் வந்துவிடுமா?

பேக்கேஜ் செய்யும் ஸ்கிரிப்டில் ‘-ஓ3’, ‘நேட்டிவ்’, ‘ஃபாஸ்ட் மேத்’ என்று கொம்பைலருக்கான ஃபிளாக்குகளை அடுக்கிவிட்டால் சொஃப்ட்வெயார் பறக்கும் என்கிறார்கள். கல்முனையிலிருந்து ஒலுவில் வளாகத்துக்குப் போய்க் கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளைகளும் இதைக் கேள்வி கேட்காமல் நம்பத் தேவையில்லை.

‘ஓ2வை விட ஓ3 வேகம்.’ எப்போதும் அல்ல. ஓ3 லூப்பை விரிக்கும், ஃபங்ஷன்களை இன்னும் தாராளமாக உள்ளே இழுத்து ஒட்டும். நிரல் பெருத்து சிபியூவின் கேஷில் அடங்காமல் போனால் வேகம் குறையவும் கூடும். லூப்புகளை வெக்டராக மாற்றும் வேலையை, செலவு குறைந்த இடங்களிலாவது, 2022இல் வந்த ஜிசிசி 12 கொம்பைலர் ஓ2விலேயே செய்கிறது.

‘நேட்டிவ் போட்டால் மெஷினின் முழுப் பலமும் கிடைக்கும்.’ கிடைக்கும், கொம்பைல் செய்த மெஷினுக்கு. ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இன்டெல்லில் 2013இல் நான்காம் தலைமுறை கோர் சிப்களோடு வந்தவை. புது லெப்டொப்பில் நேட்டிவ் போட்டுச் செய்த பேக்கேஜைத் தம்பியின் செகண்ட் ஹேண்ட் மூன்றாம் தலைமுறை ஐ5இல் ஓட்டினால், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடும்.

‘ஃபாஸ்ட் மேத்தால் தசமத்தில்தான் கொஞ்சம் பிசகும்.’ ஜிஈவென்ட் என்பது நெட்வேர்க் வேலைக்கான பைதன் பேக்கேஜ். அதை, ஃபாஸ்ட் மேத்தையும் சேர்த்தே போடும் ‘ஓஃபாஸ்ட்’ ஃபிளாக்கில் கொம்பைல் செய்திருந்தது 2022இல் தெரியவந்தது. அதன் லைப்ரரி ஏறிய மாத்திரத்தில், பூச்சியத்துக்கு மிக நெருங்கிய எண்களை சிபியூ பூச்சியமாகவே எடுத்துக்கொண்டது. அதே புரோகிராமில் கணக்குப் பார்க்கும் வேறொருவரின் லைப்ரரியும் மாட்டிக்கொண்டது. ஷேர்ட் லைப்ரரிகள் வழியாக இப்படி நடப்பதை 2023இல் ஜிசிசி 13 அடைத்தது.

‘எழுதியவருக்குத்தானே தெரியும், அவரே ஃபிளாக்கை முடிவு செய்யட்டும்.’ மேக்ஃபைலில் ‘சிஃபிளாக்ஸ் = -ஓ3’ என்று எழுதினால், டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் என்விரோன்மென்ட் வழியாக சிஃபிளாக்ஸில் தரும் ஃபிளாக்குகள் அத்தனையும் அடிபட்டுப் போகும். அவற்றில் ஸ்டேக் புரொடெக்டர் போன்ற பாதுகாப்புகளும் உண்டு. சமக்குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு ‘சிஃபிளாக்ஸ் ?= -ஓ2’ என்று எழுதினால் தீர்ந்தது: வெளியிலிருந்து தந்தால் அது, தராவிட்டால் ஓ2.

வேகம் உண்மையிலேயே வேண்டுமா? ‘பெர்ஃப்’ போட்டு அளந்து, நேரத்தைத் தின்னும் ஃபைலுக்கு மட்டும் ஓ3 கொடுங்கள். ஏவிஎக்ஸ்2 தேவையென்றால், இரண்டு வடிவங்களை வைத்து, ஓடும்போது புரோகிராமே சிபியூவைப் பார்த்துத் தெரிவு செய்யட்டும். ஜிலிப்சி என்ற சி லைப்ரரி தன் மெம்காப்பியை அப்படித்தான் தெரிவு செய்கிறது. பேக்கேஜை இறக்குகிறவரிடம் என்ன மெஷின் இருக்கிறதென்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரியாததை அதில் எழுதிவைக்கவும் கூடாது.