தோள்சுமையும் மின்வழியும்

1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். இன்று அஸ்தினாபுரத்தில் எழுதப்படும் கதையை, அமேசான் கிண்டில் வழியாக எழுத்தாளரே மின்னூலாக்கிக் கடல் கடந்த வாசகரிடமும் சேர்க்கலாம். தோள்சுமை குறைந்தது, இடைத்தரகு மறையவில்லை. இந்திய விற்பனையில் 70 விழுக்காட்டு உரிமத்தொகை பெற விரும்புவோர், அம்மின்னூலை வேறு தளத்தில் விற்றல் ஆகாது. இன்றேல் 35 விழுக்காடே கிட்டும். வாங்கியவர் யாரென்பதையும் தளமே அறியும். செல்லப்பாவோ தம் வாசகரை நேரில் கண்டார். எனவே, தளத்தைப் பயன்படுத்தும் படைப்பாளர், தமக்கென வாசகர் வட்டத்தையும் பேணுதல் வேண்டும். திருட்டுப் படியை விலக்கி, உரிய விலை கொடுத்து வாங்குதல் வாசகரின் கடமையாகும். அத்தகைய வாசகர் இன்றேல் எவ்வழியும் படைப்பாளரை வாழவைக்காது.